பூநாரை இறகின் எடை

“பூநாரையோட ஒத்த எறகு, பெரம்பூர் மில்லயே தூக்கிக் கடாசிடுச்சுய்யா! கூரை, பொகக்கூண்டு, சங்கு, அத்தினியும் சேத்து! என் ரெண்டு கண்ணால பாத்தேன்!”

இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு தேசப்பன் போட்ட கூச்சலில் பழவேற்காடு படகுத்துறையே திரும்பிப் பார்த்தது. ஏரிக்கு அந்தப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்த பூநாரைகள்கூட நின்ற காலை மாற்றிக்கொண்டு காது கொடுத்தனவாம். பிறகு சொன்னார்கள். முதலில் சொன்னதும் அவன்தான்.

நம்புவதற்குத்தான் ஆள் இல்லை. விறகுப் படகுக்காரன் தேசப்பன் சொல்வதை அந்தத் துறையில் யாரும் நம்பியதுமில்லை, கேட்காமல் நகர்ந்ததுமில்லை. கால்வாயில் பாய் விரித்துப் போகையில் மீஞ்சூர்ப் பக்கம் மெயில் வண்டியை முந்திவிட்டதாகவும், இஞ்சின் டிரைவர் எழுந்து நின்று சலாம் வைத்ததாகவும் சொன்னவன். எண்ணூரில் தலையும் காட்டூரில் வாலுமாக ஒரு விலாங்கு மீன் படுத்துக்கொண்டதால், அது தூங்கி எழும்வரை படகுகளெல்லாம் வரிசையில் நின்றன என்று சொன்னவன். ஆந்திரா தனியாகப் பிரிந்த மறுவருஷம் அது. “என் படகு மூக்கு மெட்ராசுல கீது, வாலு ஆந்திராவுல கீது, நடுவுல நிக்கிற நான் யாருக்குச் சொந்தம்னு ரெண்டு சர்க்காரும் அடிச்சிக்கினு கீறாங்க நைனா” என்று அதற்கும் ஒரு கதை வைத்திருந்தான். இத்தனையும் சொல்லத் தெரிந்தவனுக்கு, கங்கம்மாவிடம் சொல்லவேண்டிய சின்னஞ்சிறு உண்மை ஒன்று மட்டும் நாக்கு நுனிக்கு வந்து திரும்பிப் போய்விடும். அதனால்தான் விஷயம் தராசு வரைக்கும் போனது.

கங்கம்மா துறையில் கருவாடு விற்பவள். புருஷனைக் காலரா கொண்டுபோனபோது அவளுக்கு மூக்குத்தி போட்ட இடத்துப் புண்கூட ஆறியிருக்கவில்லை. அன்றிலிருந்து ஹபிபுல்லா பாயின் கருவாட்டுக் கிடங்கு வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்தவள்தான். மூன்று கழிகளை முக்காலியாகக் கட்டித் தொங்கவிட்ட பாயின் பெரிய தராசில்தான் அவளும் நிறுப்பாள். அந்தத் துறையில் தட்டை விரலால் அழுத்தாத கை இல்லை. சுண்டுவிரல் தட்டு விளிம்பில் ஈ மாதிரி உட்காரும், எழுந்து போகும். பார்த்தால் பாய் பிரம்பால் விரல் முட்டியில் ஒன்று வைப்பார். பிரம்பு படாத முட்டி கங்கம்மாவுடையது ஒன்றுதான். “கங்கம்மா நிறுத்தா ஆண்டவன் நிறுத்தாப்பல” என்று பாயே சொல்வார். பாய் யாரையும் புகழ்ந்ததில்லை என்பதால் அவள் அதை நகை மாதிரி பத்திரமாக வைத்திருந்தாள்.

மற்றதையெல்லாம் நிறுத்துப் பார்க்கத் தெரிந்தவளுக்குக் காற்று விஷயத்தில் மட்டும் நிதானம் போய்விடும். வாடை அடித்தால் வடக்கேயிருந்து சவுக்கு விறகேற்றிய படகுகள் பட்டணம் போகும். அவற்றில் ஒன்றின் பாய்ச்சீலையில் செங்காவிக் கலரில் ஒரு ஒட்டு. அந்த ஒட்டு துறைக்கு நேரே வரும்போது அவள் கை கருவாட்டை அளைந்தபடியே இருக்கும், எதை எடுக்கிறோம் என்று தெரியாது. தேசப்பன் இறங்கி வருவான். விறகுக்கு மேல் வைத்துக் கொண்டுவந்த மண்பானையை இறக்குவான். நல்ல தண்ணீர். மணலில் ஊற்றுத் தோண்டி, உப்புக் கரிக்கும் நீரைச் சிரட்டையால் மொண்டு நிரப்பும் ஊரில் நல்ல தண்ணீர். “நெல்லூர் ராஜா குடிக்கிற கெணறு. ஏழு சிப்பாய் தொரத்துனாங்க, எகிறிக் குதிச்சி வந்தேன்” என்பான். அவள் சிரிப்பாள். அவன் பட்டணம் போய்விடுவான். பிறகு தென்காற்று எப்போது திரும்பும் என்று கிடங்குக் கூரையின் ஓலை நுனியைப் பார்த்துக்கொண்டே நாள் போகும். ஓலை வடக்கே சாய்ந்தால் வருவான். தெற்கே சாய்ந்தால் இல்லை. படுத்தாலும் காதில் ஓலைதான் சலசலக்கும். பானை காலியான பிறகும் அதை உடனே கழுவிக் கவிழ்க்க அவளுக்கு மனசு வராது.

அந்தத் தை மாதக் காலையில் பொன்னேரி பஸ்ஸில் தம்பி முனுசாமி வந்து இறங்கினான். மீஞ்சூர் அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவன், வரன் கொண்டுவந்திருந்தான். பெரம்பூர்ப் பக்கம் மில்லில் வேலை செய்யும் சின்னதுரை, பெண்டாட்டி செத்தவன், பிள்ளையில்லை. குடி கிடையாது, குரல் உயர்த்திப் பேசமாட்டான். சாயங்கால பஸ்ஸுக்குள் பதில் வேண்டும்.

“யக்கா, கொழாயத் தொறந்தா ஊட்டுக்குள்ளயே தண்ணி கொட்டுது. ஓட்டு ஊடு. ரெண்டாங்கல்யாணம்னு மூக்க சுளிக்கிற சனமும் இல்ல. இன்னும் இன்னா யோசிக்கிற?”

கங்கம்மா ஏரியைப் பார்த்தாள். செங்காவி ஒட்டுப் படகு துறையில்தான் கட்டியிருந்தது. தேசப்பன் பாய்மரத்தின்மேல் ஏறி, அவிழாத முடிச்சு ஒன்றை நெடுநேரமாக அவிழ்த்துக்கொண்டிருந்தான். வரன் வந்த சேதி அதற்குள் துறையெங்கும் பரவியிருந்தது.

கிடங்குக்குள்ளிருந்து பாய் வந்தார். “மனசக் கேட்டா அது கூலிக்கு மாரடிக்கும்மா. தராசக் கேளு” என்றார். இது அவர் வழக்கம். பங்காளிச் சண்டையோ, மாடு வாங்குவதோ, யார் யோசனை கேட்டு வந்தாலும் காரணங்களுக்குப் படிக்கல் வைத்து நிறுத்துக் காட்டுவார். தம்மையும் அப்படித்தான் ஒருகாலத்தில் நிறுத்துக்கொண்டார். அண்ணன் அமானுல்லா ரங்கூனுக்குக் கப்பலேறக் கூப்பிட்டபோது, இரண்டு தட்டையும் பார்த்துவிட்டு ஊரிலேயே தங்கினார். யுத்தம் வந்தது. அண்ணன் திரும்பவில்லை. கணக்கு சரியாகத்தான் வந்தது. சரியாக வந்ததற்காக அவர் சந்தோஷப்பட்டு யாரும் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

வலது தட்டு பெரம்பூர். இடது தட்டு, அவள் மடியோரம் தொங்குவது, தேசப்பன்.

“மாசம் பொறந்தா சம்பளம்” என்று பாய் ஒரு வீசைக் கல்லை வலது தட்டில் வைத்தார். “ஓட்டு ஊடு, அர வீசை. கொழாத் தண்ணி?”

“அதுக்கு ஒரு வீசை வைங்க பாய்” என்றாள் கங்கம்மா. உள்ளங்கையில் சிரட்டைத் தழும்பு இருந்தது. அவள் பொய்யாக நிறுக்கமாட்டாள்.

“தம்பிக்கு நிம்மதி” என்றான் முனுசாமி.

“அதுக்கு ஒரு கால் வீசை. போதும்டா உனக்கு.”

வலது தட்டு தரையைத் தொட்டுக்கொண்டு நின்றது. பாய் இடது பக்கம் திரும்பினார்.

“படகு சொந்தம். ஒரு வீசை. ஆனா ஓட்டப் படகு, அர வீசையா வெச்சிக்க. பான தூக்கியாந்து குடுக்குறான், அதுக்கு அர வீசை. வேற?”

“சிரிக்க வைக்கிறாரு.”

“சிரிப்புக்குக் கால் வீசை. அதுக்கு மேல எந்தச் சந்தையிலயும் போவாது.”

“வந்துடுவாருன்னு பாத்துகினு இருக்கறனே பாய், அதுக்கு?”

பாயின் கை படிக்கல் பெட்டிக்குள் போய் வெறுமனே திரும்பி வந்தது. அவர் கிழக்கே, மணல்மேட்டுக்கு அப்பால் கடல் இருக்கும் திசையை ஒருகணம் பார்த்தார். “அதுக்குக் கல்லு இல்லம்மா” என்றார்.

இடது தட்டு அந்தரத்திலேயே ஆடிக்கொண்டிருந்தது. முனுசாமி அக்காவின் மூட்டையைக் கட்ட ஆரம்பித்தான். கங்கம்மா எழுந்து, கூரை ஓலையில் செருகியிருந்த இறகை உருவினாள். போன நடையில் தேசப்பன் கொடுத்தது. பறவையே மண்டியிட்டுக் கொடுத்ததாகச் சொல்லியிருந்தான். அடி வெளுத்து, நுனியில் விடிகாலைச் சிவப்பு. அதை இடது தட்டில், கற்களின்மேல் வைத்தாள்.

அந்தத் தராசு நாலு பலம் எடை வைத்தாலும் யோசித்து அசைகிற தராசு. அது இறங்கியது. இடது தட்டு முதலில் தயங்கி, பிறகு நிதானமாக, நிறைசூலி உட்கார்வதுபோல வந்து தரையில் அமர்ந்தது. பெரம்பூர் மில் கூரையோடும் குழாயோடும் மேலே போய்த் தொங்கியது. பாய்மரத்திலிருந்து ஒரு ஆள் தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது. அப்புறம்தான் அந்தக் கூச்சல்.

கூட்டம் கூடிவிட்டது. “எறகு தூக்குச்சாமே! நாளைக்கி எறால் வந்து படக இழுக்கும் பாரு!” என்று வலைக்காரர்கள் சிரித்தார்கள். தேசப்பன் சொட்டச் சொட்ட வந்து தட்டுக்கு எதிரே நின்றான். கிட்டே வந்ததும் அவன் சத்தம் அடங்கிவிட்டது. மில்லையும் மெயிலையும் மறந்துவிட்டு, அவளைப் பார்த்து, “நான்... காத்து எப்பிடி அடிச்சாலும்... இங்கதான்...” என்றான். அவன் வாழ்நாளிலேயே கூட்டிச் சொல்லாத பேச்சு அது ஒன்றுதான், அதையும் பாதியில் விட்டுவிட்டான்.

“இன்னாய்யா பேஜாரு இது! எறகுல ஏதுய்யா வெயிட்டு?” முனுசாமி துண்டை உதறினான். “இவன் சொல்றத நம்பி அக்காள வுட்டுட்டுப் போவச் சொல்றீங்களா? பாய் சொல்லட்டும். இவன் பேச்ச ஒரு நாளும் நம்பாத மனுசன் அவருதான். அவரு பாத்தேன்னு சொன்னா நான் மட்டும் பஸ் ஏறிடறேன்.”

எல்லோரும் பாயைப் பார்த்தார்கள். அப்போது பார்த்து வாடை ஒரு வீச்சு வீசியது. தட்டிலிருந்த இறகு எழும்பி, தலைகளுக்கு மேலே சுழன்று, படகுகளைத் தாண்டித் தண்ணீர்ப் பக்கம் போயிற்று. “புடி, புடி!” என்று தேசப்பன் ஓட, கூட்டம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே அவன் பின்னால் நகர்ந்தது. முனுசாமிகூட வாயைத் திறந்துகொண்டு வானத்தைத்தான் பார்த்தான்.

தட்டு எழும்பவில்லை.

பாய் ஒருவர்தான் தட்டைப் பார்த்தார். விளிம்பில் ஒரு சுண்டுவிரல், நகக்கண்ணில் உப்பு வெளுக்க, ஊன்றியிருந்தது. அது எப்போது அங்கே போனது என்று கங்கம்மாவுக்கே தெரியாது. தெரிந்த பிறகும் எடுக்க முடியவில்லை. அவளுக்கு அழுகை வந்தது. பாயின் பிரம்பு உயர்வதைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். விரலை எடுக்கவில்லை.

பிரம்பு இறங்கவில்லை. கண்ணைத் திறந்தபோது பாய் பிரம்பால் தன் முதுகைச் சொறிந்துகொண்டு, ஏரிக்குமேல் போகும் அந்தச் சிவப்புப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது தண்ணீரில் இறங்குவதாகவும் இல்லை, திரும்பி வருவதாகவும் இல்லை.

“இன்னா பாய், சொல்லுங்க” என்றான் முனுசாமி.

“ஆமாண்டா” என்றார் ஹபிபுல்லா பாய். “எறகுதான் தூக்குச்சு. நானும் பாத்தேன்.”