நுரையில்லாத மருந்து

ரமேஸின் வயிற்றில் கிடந்த கிருமிதான் சுதர்சினியின் ஆராய்ச்சிக்கு முதலீடு. கேட்கச் சிரிப்பு வரும், ஆனால் உண்மை அதுதான். கலியாணமான புதிதில், பல்லேகலயில் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்த மனிதரை வயிற்றோட்டம் பிடித்து ஆளே பாதியாகிவிட்டார். சோதனைக்கு எடுத்ததில் கொஞ்சத்தை அவரிடம் கேட்டு வாங்கி, பேராதனை ஆய்வுகூடத்தில் குழாயில் வளர்த்துவிட்டாள் பெண்டாட்டி. அவர் மாத்திரை போட்டுத் தேறிவிட்டார். கிருமிகள் குழாயில் குடித்தனம் நடத்தின.

"என் புள்ளைங்க எப்படி இருக்குதுங்க?" என்று தினமும் விசாரிப்பார்.

அவர் விழுங்கிய அதே மருந்து கிருமிக்குள் எவ்வளவு சேருகிறது என்று பார்ப்பதுதான் அவள் வேலை. காற்றில்லாத குடலில் வாழ்கிற சாதி அது. ஆக்சிஜன் இல்லாவிட்டால் மருந்தை உள்ளே வாங்கி, தானே அதை விஷமாக்கிக்கொண்டு சாகும். ஆக்சிஜன் வந்துவிட்டால் அந்த வேலை கெட்டு, மருந்தும் உள்ளே சேராது. ஆகவே குழாயை விளிம்புவரை நிரப்பி இறுக்கி மூடுவாள். அப்படியும் மருந்து ஏறவில்லை. திரும்பச் செய்தாள், திரும்பவும் அதே கதை.

பேராசிரியர் ராஜலிங்கம் தங்கமான மனிதர். அவருக்கே பொறுமை போய்விட்டது. "நாளைக்கும் இப்படித்தான்னா, மகள், இந்தத் தலைப்ப விட்டுருவோம்" என்றார்.

பின்னேரம் வீட்டுக்கு வந்து கதிரையில் விழுந்தவள் அழுதேவிட்டாள். "உங்க கிருமிக்கு மருந்து ஏறலைங்க. எல்லாம் போச்சு."

"அதெப்படி ஏறாம இருக்கும்? அந்த மாத்திரையிலதானே எனக்குச் சுகமானிச்சு?" பள்ளிக்கூடத்தில் சொந்தப் பிள்ளையைக் குறைசொன்ன மாதிரி அவருக்குக் கோபம். "இரு, தேத்தண்ணி ஊத்துறேன்."

சுதர்சினியின் அப்பாவுக்கு ஹேவாஹெட்டயில் தேத்தண்ணிக் கடை. அங்கே ஆற்றிப் பழகிய கை அவளுடையது, அவளிடம் கற்றுக்கொண்ட கை ரமேஸுடையது. கோப்பையை உயர்த்தி நுரை பொங்கப் பொங்க ஆற்றினார்.

"உங்கப்பா கடை நுரை வருதா, பாரு."

அவள் பார்த்தாள். நுரை முழுக்கக் காற்று. அட பாவி மனுஷி! மருந்தைக் கலக்கும்போது அவளும் இதைத்தானே செய்கிறாள்? உறிஞ்சுகுழலால் இழுத்து இழுத்து ஊதி, நுரை கட்டினால்தான் கலந்த திருப்தி அவள் கைக்கு. மூடியை அத்தனை இறுக்கமாகத் திருகுகிறவள், அதற்கு முன்பே உள்ளே காற்றை ஊட்டிவிடுகிறாள்.

மறுநாள் மருந்துக் கரைசலில் நைதரசன் வாயுவைச் செலுத்திக் காற்றை விரட்டினாள். குழாயை மூடி மெல்லச் சாய்த்துச் சாய்த்தே கலந்தாள். பக்கத்து மேசை றம்ஸியா அவளை விட்டு நகரவில்லை. "கைய அடக்கு புள்ள, தேத்தண்ணி மாதிரி ஆத்திராத" என்று சொல்லிக்கொண்டே நின்றாள்.

மருந்து ஏறியிருந்தது. பேராசிரியர் அளவை இரண்டுதரம் பார்த்துவிட்டு, "தலைப்பு உங்களுக்குத்தான்" என்றார். சுதர்சினி வெளியே ஓடிப்போய் ரமேஸுக்குப் போன் எடுத்தாள்.

"ஏறிருச்சுங்க. நீங்க ஆத்துன தேத்தண்ணிதான் காப்பாத்துச்சு."

அவருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. பிறகு ஞாபகம் வந்து, "அப்ப நம்ம புள்ளைங்க?" என்றார்.

"செத்திருச்சுங்க."

"பாவம்" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார்.

இப்படி ஒரு மனிதரா என்று நெகிழ்ந்துபோனாள். "மருந்து போடாம ஒரு குழாய் தனியா எடுத்து வச்சிருக்கேங்க" என்றாள்.