கன்னத்தில் வைத்துப் பார்ப்பவள்

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் மேற்பார்வையாளருக்கு என்று ஒரு மேடை, மேடைமேல் ஒரு நாற்காலி, முன்னால் கண்ணாடிச் சுவர். அந்த நாற்காலியில் முன்பு இருந்தவர் போகும்போது ஒரே ஒரு பாடம்தான் சொல்லிவிட்டுப் போனார்: "நீ கண்ணை எடுத்தா இவங்க கையை எடுத்துடுவாங்க." இப்போது அதில் உட்காரும் இவரும் கண்ணை எடுக்கவில்லை. மூன்றாம் மாதமே கூடத்தில் இவருக்குக் 'கண்ணாடி' என்று பெயர் விழுந்துவிட்டது. அது இவருக்கும் தெரியும்.

இன்று சாயங்காலத்துக்குள் ஒரு பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும். ஓர் ஆளைக் குறைக்கப் போகிறார்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மற்றவர்கள் ஒரு ஷிப்டில் முந்நூறு விரிப்பு மடித்தால், குழந்தைகள் வார்டு விரிப்புகளை மடிக்கும், எல்லோரும் மடிப்பக்கா என்று கூப்பிடும் பெண் ஒரு மாதமாக இருநூற்று நாற்பதைத் தாண்டுவதில்லை. பேனாவைத் திறந்தவர் கண்ணாடி வழியே பார்த்தார். அக்கா விரிப்பில் முகத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாள்.

கையும் களவுமாகப் பிடிக்க இறங்கினார்.

"என்னம்மா, தலையணையும் வேணுமா?"

யாரோ சிரிப்பை விழுங்கினார்கள். அக்கா கண்ணைத் திறந்தாள்.

"தூங்கல சார். உறுத்துதான்னு பாக்கறேன்." விரிப்பை இடப்பக்கக் கூடையில் போட்டாள். "இது உறுத்துது. திரும்ப அலசணும்."

"கையால தொட்டா தெரியாதா?"

"இருபது வருசமா சோப்புல ஊறின கை சார். இதுக்கு ஆணியும் பஞ்சும் ஒண்ணுதான். கன்னம்தான் இன்னும் பழுதாகல."

கூடையிலிருந்து ஒன்றை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்தார். காய்ந்த சோப்பு பொடிமணலாக அராவியது. நாலு நாள் தாடி இருந்தும் உறைத்தது.

"முன்ன இப்படி இல்லையே?"

அக்கா அடுத்த விரிப்பை எடுத்தாள். பக்கத்து மேசைக்காரன் சொன்னான்: "மூணு அலசல் இருந்துச்சு சார். போன மாசம் ரெண்டாச்சு."

ஆக்கியவர் இவர்தான். எண்ணிக்கை ஏறட்டும் என்று. ஏறவும் செய்தது, மேலாளர் தோளில் தட்டினார்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா, வேலை செய்யாம இருக்கச் சாக்குன்னு சொல்லியிருப்பீங்க. மாட்டீங்களா?"

சொல்லியிருப்பார்.

மேலே போய், பெயர் எழுத வேண்டிய இடத்தில் எழுதினார்: 'மூன்றாம் அலசலைத் திரும்பக் கொண்டுவருகிறேன். எண்ணிக்கை இறங்கும். அதை நிறுத்தியது நான். ஆள் குறைத்தே ஆக வேண்டுமென்றால் என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள்.' வீரமெல்லாம் இல்லை. எழுதி முடிப்பதற்குள் இரண்டு முறை பேனாவை மூடினார். தாள் கைக்குப் போனதும் மேலாளர் போனில் கால் மணி நேரம் கத்தினார். கடைசியில், "பிள்ளைங்களுக்குத் தோல் வெந்து போச்சுன்னு எவனாவது வந்து நின்னா அது இன்னும் வம்பு. இப்போதைக்கு யாரையும் குறைக்கல, போ" என்று வைத்தார்.

மறுநாள் நாற்காலியைக் கீழே தூக்கி வந்தார்.

"மேலேர்ந்து சரியாத் தெரியல போல," என்றான் மேசைக்காரன், இவர் காதில் விழும்படி.

இவர் தேடிக்கொண்ட பேச்சுதான். உட்காருவதா நிற்பதா என்று புரியாமல் நின்றார். அக்கா பெரிய விரிப்பு ஒன்றை உதறினாள்; இரண்டு பேர் சேர்ந்து மடிக்கிற விரிப்பு. ஒரு பக்கத்து நுனிகளை இவரிடம் நீட்டினாள்.

"சும்மா நிக்காம இதைப் பிடிங்க சார். இழுக்காதீங்க, கூட வாங்க."

பிடித்தார். மடிப்பு கோணிக்கொண்டு வந்தது. அக்கா அதைப் பிரித்தாள். நுனிகளை மறுபடியும் இவர் கையிலேயே கொடுத்தாள்.