பெயருக்குக் கீழே ஒரு கோடு

கேக்கில் பெயர் எழுதுகிறவளைக் கேட்டால் தெரியும், எந்தப் பெயருக்கு இப்போது மவுசு, எந்தப் பெயரின் காலம் மலையேறிவிட்டது என்று. முதல் பிறந்தநாள் கேக்குகளில் இப்போதெல்லாம் இரண்டெழுத்துப் பெயர்கள்தான். கூப்பிட வாயைத் திறப்பதற்குள் முடிந்துவிடும். என் பெயர் அறுபதாவது பிறந்தநாள் கேக்குகளில் மட்டும் வருகிறது. இன்னும் கொஞ்ச காலத்தில் அதுவும் நின்றுவிடும்.

'ஒப்பில்லாதவள்' என்று பொருள். பழைய புத்தகங்களில் தூங்கிக்கொண்டிருந்த பெயர். என் வயதுக்காரிகள் எல்லாம் அம்மா வயிற்றில் இருந்த சமயம், வானொலித் தொடர் ஒன்றின் கதாநாயகிக்கு அதைச் சூட்டிவிட்டார்கள். பிள்ளைத்தாய்ச்சிகள் எல்லாரும் ரேடியோவும் கையுமாக இருந்திருக்கிறார்கள். விளைவு, என் வகுப்பில் மட்டும் ஒப்பில்லாதவர்கள் ஐந்து பேர்.

மற்றவர்களுக்கு இனிஷியலாவது வேறு. எனக்கும் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கும் அதுவும் ஒன்றே. விடைத்தாள் மாறிப்போய், அவளுடைய கணக்கு மதிப்பெண்ணை நான் ஒருநாள் முழுக்க அனுபவித்தேன். மறுநாள் டீச்சர் அவளைப் பார்த்து, "நீ பேருக்குக் கீழ ஒரு கோடு போடு" என்றார். என்னைப் பார்த்து, "நீ பேரச் சுத்தி வட்டம் போடு" என்றார். அவள் ஒல்லிக்குச்சி, நான் பூசணிக்காய். வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து அவள் கோடு, நான் வட்டம். பெற்றவர்கள் வைத்த பெயரை நாங்கள் இருவருமே மறந்துபோனோம்.

ஒரு விடுமுறை முடிந்து போனால் அவள் இடம் காலியாகக் கிடந்தது. அவள் அப்பாவுக்கு மாற்றலாம். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. டீச்சர் அன்பாகத்தான் சொன்னார்: "இனிமே நீ வட்டம் போட வேணாம்மா." அதைக் கேட்டதும்தான் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அதற்குப் பிறகு கல்யாணம், மகள், வேலை என்று எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனாலும் வட்டம் என்று கூப்பிட ஆளில்லை. ஒரு தடவையாவது அவள் வாயால் அதைக் கேட்டுவிட வேண்டும் என்று ஏங்கினேன். இந்த வயதில் அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்? மகள் தன் போனில் பெயரைப் போட்டுத் தேடினாள். ஒரு பட்டாளமே வந்து விழுந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அவள் பெயருக்குப் பின்னால் யார் பெயர் ஒட்டிக்கொண்டதோ! கடலில் கரைத்த பெருங்காயம்தான்.

அதனால் எனக்குத் தெரிந்த வழியில் தேடினேன். அந்தப் பெயரில் கேக் வந்தால், கிரீம் பையை அழுத்திக் கீழே ஒரு கோடு இழுத்துவிடுவேன். வட்டம் போடுவதில்லை. கேக் அவளுக்கு என்றால் அவளுடைய அடையாளம்தானே இருக்க வேண்டும்?

வாங்குகிறவர்கள் சும்மா இருப்பார்களா?

"அக்கா, நீங்க கேக்குல பேர் எழுதுறீங்களா, பரீட்சைப் பேப்பர் திருத்துறீங்களா?" என்று முதலாளி கத்தினான். அவனுடைய முதல் பிறந்தநாள் கேக்கில் பெயர் எழுதியவளே நான்தான். இருந்தாலும் முதலாளி முதலாளிதானே. "ஒரு அம்மா போன் பண்ணி, 'என் பேர்ல என்னய்யா தப்பு'ன்னு சண்டை போடுறாங்க. இன்னொரு தடவ அந்தக் கோட்டப் பாத்தேன், நீங்க பின்பக்கம் போய் பிஸ்கட் பாக்கெட் கட்ட வேண்டியதுதான்."

பிஸ்கட் பாக்கெட்டில் யார் பெயரையும் எழுத வேண்டியதில்லை. இனிமேல் போடமாட்டேன் என்று தலையாட்டி வைத்தேன்.

கொஞ்ச நாளில் அதே பெயர் வந்தது. சாக்லேட் கேக், அறுபது வயது. நல்ல பிள்ளையாகப் பெயரை மட்டும் எழுதிவிட்டுப் பெட்டியை மூடப் போனேன். கோடு இல்லாத அந்தப் பெயர் யாரோ ஒருத்தியின் பெயராக இருந்தது. மனசு கேட்கவில்லை. ஆனது ஆகட்டும் என்று கோட்டைப் போட்டு மூடினேன்.

மறுநாள் காலையில் ஒருவர் அதே பெட்டியோடு கடைக்குள் வந்தார். முதலாளி என்னைப் பார்த்த பார்வையிலேயே பிஸ்கட் வாசனை அடித்தது.

"இத எழுதினது யாருங்க?"

"மன்னிச்சுக்கங்க சார், வேற கேக் போட்டுத் தந்துடறோம்" என்று முதலாளி குழைந்தான்.

எனக்கு வழக்கம்போலக் கோபம் முந்திக்கொண்டது. "நான்தான் எழுதினேன். ஒரு கோடு போட்டதுல கேக் கெட்டா போச்சு?"

"வெட்டவே இல்லம்மா. எங்க அம்மா வெட்ட விட்டாத்தானே! பேரப் பாத்தாங்க. அப்புறம் கேக்குல விரல வச்சு என்னமோ பண்ணாங்க. இத எழுதினவங்ககிட்ட காட்டிட்டுத்தான் மறுவேலைன்னு ஒரே பிடிவாதம்."

மூடியைத் திறந்தார். நான் எழுதிய பெயர். அதற்குக் கீழே நான் போட்ட கோடு. இரண்டையும் சுற்றி, கிரீமை உழுதுகொண்டு, விரலால் இழுத்த ஒரு வட்டம். கோணல்மாணலாக இருந்தது. கோட்டுக்காரிக்கு வட்டம் எந்தக் காலத்தில் ஒழுங்காக வந்தது?

"எங்க அவ?"

"வெளிய, கார்லதாம்மா. முட்டி வலி, படி ஏற முடியல."

கிரீம் கையோடு ஓடினேன். கார் கண்ணாடி இறங்கியது. பின் சீட்டு முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். துருத்திக்கொண்டிருந்த என் தோள் எலும்பிலிருந்து குச்சிக் கைவரை ஏற இறங்கப் பார்த்தாள். கண் நிறைந்து வழிய வழியச் சிரித்தாள்.

"ஏண்டி வட்டம், இப்படிக் கோடா போயிட்ட?"