மெஷின் நின்றால் பாட்டு நிற்கும்

எங்கள் ஊரின் முதல் பங்க் இசைக்குழு ஒரு சலவைக் கடையில் பிறந்தது. டிரம்ஸ்காரனுக்கு அங்கேதான் வேலை. வாஷிங் மெஷின் போடும் கூச்சலில் எங்கள் கூச்சல் வெளியே தெரியாது என்று முதலாளி இடம் கொடுத்தார். மகராசன், அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்.

பாட்டு அக்கா, கிதார் அண்ணன், பேஸ் கிதார் நான். இது போதாதென்று தூது போகும் வேலையும் என் தலையில். முதல் நிகழ்ச்சி நெருங்கும்போது பார்த்து, அண்ணன் யாருக்கும் தெரியாமல் கற்றுக்கொண்ட ஒரு தனி வாசிப்பைப் பாட்டின் நடுவே நுழைத்தான். நெளிவு சுளிவெல்லாம் வைத்து நீளமாக. அக்கா பாய்ந்தாள்.

“நாம என்ன ஹோட்டல்ல சாப்பிடுறவங்களுக்கா வாசிக்கிறோம்? அடி, முடி, போ!”

“அவகிட்ட சொல்லு, இந்த நிகழ்ச்சியோட நான் விலகிடுறேன்,” என்றான் அண்ணன், என்னைப் பார்த்து. அவள் அவன் பக்கத்திலேயேதான் நின்றாள்.

“தாராளமா போகச் சொல்லு.”

அதோடு பேச்சு நின்றது. ஒரே வீடு, ஒரே சாப்பாட்டு மேசை. உப்பு வேண்டுமென்றாலும் என் வழியாகத்தான். எரிச்சலாக வந்தது. அதைவிடப் பயம். அண்ணன் போனால் குழு இல்லை. குழு இல்லாவிட்டால் நான் மறுபடியும் வெறும் கடைக்குட்டி.

நிகழ்ச்சி ஒரு பழைய விளையாட்டரங்கில். முதல் பாட்டு சூடு பிடித்தது. அண்ணன் வீம்புக்குத் தன் வாசிப்பையும் வாசித்துத் தீர்த்தான். முடிக்க வேண்டிய இடம் வந்தது, போனது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடையில் மெஷின் சுழன்று ‘டக்’கென்று நிற்கும், நாங்களும் நிற்போம். ஒரு பாட்டையாவது நாங்களாக முடித்ததே இல்லை. இங்கே மெஷினுக்கு எங்கே போவது?

டிரம்ஸ்காரன் திருதிருவென்று முழித்தான். கை மட்டும் நிற்கவில்லை. அக்கா கடைசி வரியைத் திரும்பத் திரும்பக் கத்தினாள். அதுவும் அலுத்துப்போய், கடைச் சுவரில் இருக்கும் விலைப்பலகையைக் கத்த ஆரம்பித்தாள். “சட்டை! போர்வை! திரைச்சீலை!” கூட்டமும் சேர்ந்து கத்தியது. அண்ணன் வேறு வழியில்லாமல் அந்தத் தனி வாசிப்பையே மறுபடி எடுத்தான். இந்த முறை அக்கா சிரித்துக்கொண்டே, இன்னும் இன்னும் என்று கையை ஆட்டினாள்.

அரங்கக் காவலாளி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு மெயின் சுவிட்சை அணைத்தார். நான்கு பேரும் ஒன்றாக, சுத்தமாக நின்றோம். கூட்டம் கூரையைப் பிய்த்தது.

மேடைக்குப் பின்னால் அண்ணன் என் பக்கம் வந்தான். தூதுக்குத் தயாரானேன். என்னைத் தாண்டிப் போய் அக்கா முன்னால் நின்றான்.

“அந்தப் போர்வை வரியை விட்டுடாத. அடுத்த வாரம் அது முடிஞ்சதும் நான் என் வாசிப்பை ஆரம்பிக்கிறேன்.”

“சீக்கிரம் முடிப்பியா?”

“அதை மெஷின்கிட்ட கேளு.”

என் தூது வேலை அன்றோடு போயிற்று. அப்பாடா என்றிருந்தது, கண்ணும் கலங்கியது.