புகைமேல் போட்ட பழி

பச்சையம்மா அக்கா சீட்டை நீட்டியபோது என் முகத்தில் ஈயாடவில்லை. பெரியாஸ்பத்திரி தோல் டாக்டர் எழுதிய சீட்டு. முகக் கருமைக்கான அசெலாயிக் ஆசிட் க்ரீம், காலையும் இரவும் பூச.

வடசென்னை எம்.கே.பி. நகரில் என் மருந்துக்கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சீட்டே கொண்டுவர மாட்டார்கள். நோவைச் சொல்வார்கள், நான் மருந்தைக் கொடுப்பேன். தெற்கே நாசரேத்திலிருந்து வந்து கடை போட்ட எனக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. இரண்டு வருஷத்துக்கு முன், கன்னத்தில் மங்கு விழுந்து கருந்திட்டாக இருப்பதை அக்கா காட்டினாள். ஸ்டீராய்டு கலந்த க்ரீம் ஒன்றைக் கொடுத்தேன். பத்தே நாளில் முகம் பளிச்சென்று ஆனது. தன் தெருவிலிருந்து ஆறு பெண்களை வேறு அனுப்பி வைத்தாள்.

பிறகு கன்னம் சிவந்து, தோல் மெலிந்து, மங்கு முன்னைவிடக் கறுத்தது. காரணம் எனக்குத் தெரியும். அவள் கேட்டபோது, "கொடுங்கையூர்ல குப்பை எரியுற புகைதான்க்கா" என்றேன். குப்பைமேட்டில் வேலை பார்க்கிறவள் நம்பாமல் என்ன செய்வாள்? இந்த வாயை அன்றைக்கே தைத்திருக்க வேண்டும்.

க்ரீமை எடுத்து வைத்தேன். "முதல்ல கொஞ்சம் எரியும், அரிக்கும்க்கா. மூணு மாசமாவது பொறுக்கணும். வெயில்ல முகத்தை மூடிக்கிடுங்க."

"சரி தம்பி." குரலைத் தணித்தாள். "இதுக்கு முன்ன இன்னா போட்டேன்னு டாக்டரம்மா குடைஞ்சி குடைஞ்சி கேட்டாங்கோ. மஞ்சாதான்னு சொல்ட்டேன். நீ சீட்டு இல்லாம குடுத்தன்னு உன்னை மாட்டி வுடுவனா?" சிரித்தாள். "அந்தப் பழைய க்ரீமு ஒண்ணு குடு. எங்க பொண்ணு எழில்மொழிக்கு. அவள பொண்ணு பாக்க வராங்கோ."

கடையில் இன்னும் மூன்று பேர் நின்றார்கள். அவர்கள் போகட்டும் என்று காத்திருந்தால் சொல்லவே மாட்டேன், என்னை எனக்குத் தெரியும்.

"அது வேண்டாம்க்கா. உங்க முகம் கெட்டது அதனாலதான். புகையால இல்ல. தெரிஞ்சேதான் பொய் சொன்னேன்."

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"பொகைன்னு நம்பி வேலைய வுட்டுட்டேனே தம்பி. பதினோரு வருசத்து வேலை."

இது எனக்குத் தெரியாது.

"என் பேச்ச கேட்டு ஆறு பேரு போட்டுக்கினு கீறாளுங்க. வா, நீயே வந்து சொல்லு."

"சாயங்காலம் கடையைச் சாத்திட்டு..."

"இப்ப வா."

நின்றவர்களை அனுப்பி, ஷட்டரை இறக்கிவிட்டு அவள் பின்னால் நடந்தேன். முதல் வீடு கன்னியம்மாவுடையது. அவளுக்கும் கன்னம் இரண்டும் அதே சிவப்பு. என்னைக் கண்டதும் பூரித்துப்போய், நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டாள்.

"குந்து பெனிட்டோ தம்பி. எங்க வூட்டுக்கெல்லாம் நீ வருவியா! இரு, டீ போடறேன்."

பச்சையம்மா வாசலிலேயே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நாற்காலியில் உட்கார எனக்கு யோக்கியதை இல்லை. நின்றபடியே, "டீ வேண்டாம்க்கா" என்று தொடங்கினேன்.