முனிக்கு வைத்த தண்ணீர்

“டீச்சர், சாமிக்கு வச்ச தண்ணிய நாம குடிச்சுட்டா சாமிக்குத் தாகம் எடுக்குமா?”

மூன்றாம் வகுப்புப் பேச்சியம்மாள் இதைக் கேட்டபோது அவள் உதட்டில் ஈரம் காயவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளையார் முன்னால் இருந்த செம்பு காலியாகிக் கிடந்தது. கோமதி டீச்சர் மணியடிக்கும்வரை பிள்ளையை வெயிலில் நிற்கவைத்தாள். அம்பாசமுத்திரத்துப் பங்குனி வெயில். பிள்ளையின் கால்களில் செருப்பு இல்லை. அது நடந்து இருபத்தாறு வருடம் ஆகிறது.

இப்போது கோமதிக்கு வயது அறுபத்தொன்று. மலேசியாவில், நெகிரி செம்பிலானில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றின் மண்சாலையில் புகைந்துகொண்டிருந்த வாடகைக் காரின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

“நான் அப்பவே சொன்னேம்லா யக்கா? இந்த வண்டி வேண்டாம்னு சொன்னேம்லா?” என்றாள் தங்கை வடிவு. அம்பையில் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள் அவள். “ஒரு நாள் வாடகையில இருபது வெள்ளி மிச்சம், இருபது வெள்ளி மிச்சம்னு...”

“ஒம்பது நாள் ஓடிச்சுல்லாட்டி? கடைசி நாள் நின்னா வண்டி மேல குத்தமா, ஓட்டுதவ மேல குத்தமா?”

பயணம் முழுக்க இப்படித்தான். டோல் கட்டக்கூடாது என்று கோமதி ஹைவே பக்கமே போகவிடவில்லை. கைபேசி காட்டிய குறுக்குவழியில் பகாவ் ஊரிலிருந்து புறப்பட்டு இந்தத் தோட்டத்துக்குள் வந்து மாட்டிக்கொண்டார்கள். வண்டியின் பின்பக்கத்தில் குடித்து முடித்த இருபத்துமூன்று தண்ணீர்ப் போத்தல்கள் கிடந்தன. “எதுக்காச்சும் ஆகும்” என்று கோமதி ஒன்றைக்கூட எறியவிடவில்லை. அன்று காலை, விடுதிக்கு எதிரே இருந்த தண்ணீர் இயந்திரத்தில் லிட்டருக்கு முப்பது காசு என்றதும், “போற வழியில சும்மாவே கிடைக்கும்” என்று நிரப்பவும் விடவில்லை. இருபத்துமூன்றும் காலி.

மூன்று மணிக்குள் விமான நிலையத்துக்குப் பக்கத்து ஊரான நீலாயில் காரை ஒப்படைக்க வேண்டும். ஆறு மணிக்குத் திருச்சி விமானம். அதை விட்டால் வேறு டிக்கெட் எடுக்க இருவரிடமும் பணமில்லை.

அரை மணி நேரம் எஞ்சின் ஆறக் காத்திருந்தார்கள். அப்போதுதான் வளைவை ஒட்டிய மரத்தடியில் முனியாண்டியைக் கோமதி பார்த்தாள். தகரக் கூரை, பெரிய மீசை, உருட்டி விழிக்கும் கண்கள். முன்னால் ஒரு சுருட்டு, ஒரு டம்ளர் தண்ணீர், வரிசையாக ஆறு பெரிய போத்தல் தண்ணீர்.

“யக்கா, சாமிக்கு வச்சது” என்றாள் வடிவு.

“ஆபத்துக்குப் பாவமில்ல. சாமி என்ன இதைக் குடிக்கவா போகுது?”

நாலு போத்தல் ரேடியேட்டருக்குள் போயிற்று. பாதி சீறிக்கொண்டு மண்ணில் ஒழுகியது. டம்ளரில் இருந்ததையும் ஊற்றினாள். ஐந்தாவதில் கோமதி முகம் கழுவி, சேறு பட்ட கால்களையும் கழுவினாள். ஆறாவதை வழிக்கு வேண்டும் என்று காருக்குள் வைத்தாள். பாவம் என்று தெரிந்து செய்கிறவர்கள் குறைவு. அவசரம் என்று பெயர் வைத்துச் செய்கிறவர்கள்தான் அதிகம்.

வண்டி உயிர் பெற்றது. அந்த நேரம் பார்த்து எதிரே ஒரு லாரி, செம்பனைக் குலைகளோடு வந்து வழியை அடைத்து நின்றது. நாற்பது வயதுக்காரன் ஒருவன் இறங்கினான். சட்டையில் வீரமுத்து என்று தைத்திருந்தது. அவன் முதலில் பார்த்தது காலி போத்தல்களை. பிறகு கோமதியின் ஈரக் கால்களை.

“யாரு நீங்க? கம்பெனி அனுப்பிச்சிச்சா?”

“நாங்க இந்தியாவுல இருந்து, சுத்திப் பாக்க...”

“சுத்திப் பாக்க இங்க என்னா இருக்கு? ட்வின் டவரா இருக்கு?” அவன் காரின் கதவைத் திறந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டான். பின் இருக்கையில் இருந்த ஆறாவது போத்தலையும் எடுத்தான். “காலு கழுவினிங்களா இதுல? காலு?”

“வண்டி சூடாயிட்டு தம்பி. சாமிக்கு வச்ச தண்ணிதானேன்னு...”

“சாமிக்காம், சாமிக்கு! முனியாண்டிக்கு ஒம்பது லிட்டர் தண்ணி எதுக்கு லா? குளிக்கவா? உள்ள லயத்துல, பழைய தொழிலாளி வீட்டு வரிசையில, ஒரு பாட்டி இருக்கு. குமுதவல்லி. எல்லாரும் ஃப்ளாட்டுக்குப் போயாச்சு, அது மட்டும் கோர்ட்டுல கேஸ் போட்டுட்டு ஒத்தையா உக்காந்திருக்கு. வீட்ட விட்டா மறுநாளே இடிச்சிருவானுங்க. தோட்டத்த வாங்குனவன் பைப்ப வெட்டிட்டான். லாரிக்காரன் எவனாச்சும் தண்ணி கொடுத்தா வேலை காலின்னு சொல்லிட்டான். ஆனா சாமிக்குப் படைக்கிறத எவன் கேப்பான்? அதான் ஆளுக்கு ஒரு போத்தல் இங்க வச்சிட்டுப் போறோம். பாட்டி வந்து எடுத்துக்கும். மழை பேஞ்சு மூணு வாரம் ஆச்சு. தெரியுமா ஒங்களுக்கு?”

தெரியாது என்று கோமதி தலையாட்டினாள். முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளைக் கேள்வி கேட்டே பழகியவள்.

செம்பனை வரிசைக்குள்ளிருந்து சக்கரம் கிரீச்சிடும் சத்தம் வந்தது. ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு கிழவி வந்தாள். ஒட்டிய கன்னம், தலையில் துண்டு. சிந்திய தண்ணீரில் செம்மண் கறுத்துக் கிடந்ததைப் பார்த்து அவள் நின்றாள். யாரையும் கேட்கவில்லை, புரிந்துவிட்டது.

“மண்ணு குடிச்சிருச்சா? குடிக்கட்டும் லா. நாப்பது வருசம் என் வேர்வைய குடிச்ச மண்ணுதானே. அதுக்குக் கூச்சம் இல்ல.”

“பெரியம்மா, தெரியாம...” என்று வடிவு கும்பிட்டாள்.

“தெரியாமத்தான் கழுவுனிங்களா காலு?” கிழவி கோமதியைப் பார்த்தாள். “இந்தம்மா மொகத்துல ஒரு சொட்டுகூட காயல. என் வீட்டுல தேத்தண்ணி போடுற கெத்தல்ல கால் கெத்தல் தண்ணி. அவ்வளவுதான்.”

கோமதி பையைத் திறந்தாள். ஒன்பது நாளாக அவள் அந்தப் பையைத் திறக்கும்போதெல்லாம் வடிவு கேலி செய்வாள். இப்போது ஐம்பது வெள்ளித் தாளை எடுத்து நீட்டினாள்.

“வெள்ளியக் கரைச்சுக் குடிக்கிறதா?” என்றாள் குமுதவல்லி. “உள்ள வைங்க. ஒங்க காச வாங்கி நான் எந்தக் கடைக்கு நடக்கறது? பதினாலு கிலோமீட்டர்.”

வீரமுத்து ஆறாவது போத்தலைத் தள்ளுவண்டியில் வைத்தான். அவன் குரல் அவளிடம் மட்டும் தணிந்தது. “பாட்டி, நான் குலைய மில்லுல இறக்கிட்டு நாளைக்குச் சாயங்காலம்தான் வருவேன். மத்த லாரியும் இன்னைக்கு இல்ல. இத வச்சு சமாளிச்சிக்க.”

“சமாளிப்பேன், சமாளிப்பேன். இதுங்கள மொதல்ல போகச் சொல்லு.”

அவன் சாவியைக் கோமதியின் கையில் கொடுக்கவில்லை, கார்மேல் எறிந்தான். “போங்க. செக்யூரிட்டி கேட்டா இங்க தண்ணி இருந்திச்சின்னு வாயத் திறக்காதிங்க. தொறந்தா எங்க பொழப்பு போயிரும். திரும்பியும் இந்தப் பக்கம் ஒங்கள நான் பாக்கக்கூடாது.”

கிழவியின் கோபத்தைக் குறை சொல்ல முடியாது. தனியாக இருப்பவளுக்குக் கோபம்தான் வாசற்கதவு.

வெகுதூரம் வெப்பமானியின் முள்ளைப் பார்த்தபடி வடிவு ஓட்டினாள். பிறகு அவளால் அடக்க முடியவில்லை.

“முப்பது காசு. முப்பது காசுக்குத் தண்ணி பிடிச்சிருந்தா இந்தப் பாவம் வந்திருக்குமா?”

“நீதான் நின்னு பாத்துக்கிட்டு இருந்த. கையப் பிடிச்சுத் தடுத்தியா?”

“உன்னைய யாரு தடுக்க முடியும்? நீ டீச்சர்லா. எல்லாருக்கும் தண்டனை கொடுக்கவ.”

அந்தச் சொல் கோமதியின் மேல் எங்கேயோ சரியாக விழுந்தது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். செம்பனை, செம்பனை, செம்பனை. ஒரே மாதிரி வரிசைகள். கொஞ்ச நேரம் கழித்து, “ஏட்டி, அந்தப் பிள்ளை இப்ப எங்க இருக்கா?” என்றாள்.

“எந்தப் பிள்ளை?”

“ஒண்ணுமில்ல. ரோட்டைப் பாத்து ஓட்டு.”

பதினாலாவது கிலோமீட்டரில் ஒரு பெட்ரோல் நிலையம் வந்தது. கோமதி கழிவறைக்குப் போவதாகச் சொல்லி இறங்கினாள். வடிவு திரும்பிப் பார்த்தபோது கோமதி காரின் பின்பக்கத்தைத் திறந்து, இரண்டு கை நிறையக் காலி போத்தல்களை அள்ளிக்கொண்டு கார் கழுவும் குழாயை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள்.

கல்லாவில் இருந்த மலாய்ப் பெண் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தாள். திட்டத்தான் வருகிறாள் என்று கோமதி நின்றுவிட்டாள். அந்தப் பெண் குழாயைக் காட்டிக் கையை அசைத்து, குடிப்பதுபோல் பாவனை செய்து, கூடாது என்று தலையாட்டினாள். பிறகு கோமதியின் கையிலிருந்து பாதி போத்தல்களை வாங்கிக்கொண்டு பின்பக்கம் கூட்டிப்போனாள். அங்கே வேலைக்காரர்கள் தங்களுக்கு வைத்திருந்த வடிகட்டிய தண்ணீர்க் குழாய் இருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. மூடிகளைத் திறந்து திறந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அவர்களைப் பார்த்து முகம் சுளிக்காத முதல் முகம் அது. இப்படி ஒருவரை வழியில் வைக்காமல் கடவுள் யாரையும் நெடுந்தூரம் அனுப்புவதில்லை.

வடிவு வந்து பார்த்தாள். “யக்கா, மணி பன்னெண்டு.”

“தெரியும்.”

“திரும்பிப் போனா மூணு மணிக்கு நீலாய் போய்ச் சேர முடியாது. ஃப்ளைட்டு போயிரும்.”

“சிரம்பான்ல இருந்து ஹைவேல போ.”

“டோல்?”

“வண்டியில இருக்க டோல் அட்டையில பத்து வெள்ளி போட்டாச்சு. உன்கிட்ட யாரும் கணக்குக் கேக்கல. மூடியத் திருகு.”

வடிவு சிரிக்கவில்லை. ஆனால் குனிந்து மூடிகளைத் திருகினாள். இருபத்துமூன்று.

திரும்பும் வழியில் முள் இரண்டு தடவை சிவப்பைத் தொட்டது. வளைவுக்கு முன்னாலேயே கோமதி காரை நிறுத்தச் சொன்னாள்.

“நீ இறங்காத. எஞ்சினை அணைக்காத. அணைச்சா திரும்பக் கிளம்புமோ என்னமோ.”

“தனியாவா தூக்குவ?”

“நான்தான எடுத்தேன்.”

ஐந்து நடை நடந்தாள். மரத்தடியில் யாரும் இல்லை. செம்மண்ணில் ஒற்றைச் சக்கரத் தடம் மட்டும் லயத்துப் பக்கமாகப் போயிருந்தது. காலையில் கறுத்திருந்த மண் காய்ந்து பழைய நிறத்துக்கு வந்துவிட்டது. முனியாண்டி அதே கண்களால் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் டம்ளரை முந்தானையால் துடைத்து நிரப்பினாள். பிறகு போத்தல்களைச் சூடாகாதபடி மரத்தடியில் நெருக்கி அடுக்கினாள். உச்சிப்பொழுது, தகரக் கூரைக்கும் மரத்துக்கும் சேர்த்து நிழல் கொஞ்சம்தான் இருந்தது. அது போத்தல்களுக்கே சரியாகப் போயிற்று.

வளைவுக்கு அப்பால் எஞ்சின் ஓடும் சத்தம் கேட்டது. கோமதி உடனே திரும்பவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெயிலில் நின்றாள்.