ஏழு வயது கூடுதல்

மிசாவோவுக்கு ஏழு வயதைக் கூட்டியவன் நான்தான்.

கமாத்தாவில் ஒரு சின்ன வயதுவந்தோர் படக் கம்பெனியில் டிவிடி அட்டைக்கு வாசகம் எழுதுவது என் வேலை. நடுவயதுப் பெண்கள் நடிக்கும் படங்கள் மட்டும் எடுத்தோம். அவள் முதன்முதலாக வந்தபோது வயது நாற்பத்து நான்கு. கவாசாகியில் சாப்பாட்டுப் பொட்டலம் கட்டும் ஆலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலாளி நகுமோ அவளது விண்ணப்பத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"கடையில நாப்பது வயசு அலமாரியில முந்நூறு பேரு நிக்கிறாங்கப்பா. குண்டு, ஒல்லி, கண்ணாடி போட்டது, பக்கத்து வீட்டுக்காரி, எல்லாம் இருக்கு. அம்பதுல ஆளே இல்ல. அம்பத்தொண்ணுன்னு போடு."

"கோவப்படுவாங்க சார்."

"கேட்டுப் பாரு கூசே."

கேட்டேன். மிசாவோ வாய்விட்டுச் சிரித்தாள். "ஊர்ல எல்லாரும் வயச குறைப்பாங்க. நீங்க கூட்டுறீங்களா? அம்பத்தொண்ணுக்கு நான் அழகாத்தான் இருக்கேன், போடுங்க."

'நீகாத்தா விடுதிக்காரி, ஐம்பத்தொன்றில் முதல் முறை' என்று எழுதினேன். அவள் நீகாத்தாவுக்குப் போனதே இல்லை. படம் நன்றாக விற்றது.

இரண்டு வருடத்தில் எங்களுக்குக் கல்யாணமானது. அவள் வேலையை விடவில்லை, நானும் விடவில்லை. ஒவ்வொரு வருடமும் அட்டையில் ஒரு வயது ஏற்றினேன். அவள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அட்டையில என்ன வேணா எழுதுங்க. நெஜ வயசு உங்களுக்காவது ஞாபகம் இருக்கணும்."

ஒவ்வொரு பிறந்தநாளன்றும் குளியலறைக்குள்ளிருந்து கத்துவாள்: "எத்தனை?" சரியான எண்ணைச் சொன்னால்தான் கேக்கை வெட்ட விடுவாள். ஒரு தடவைகூட நான் தவறியதில்லை.

போன மார்ச்சில் கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். ஜூனில் போய்விட்டாள்.

ஈமச்சடங்குக் கடைக்காரர் பேரைக் கேட்டார், சொன்னேன். வயதைக் கேட்டார், சொன்னேன். நாற்பத்தொன்பதாம் நாள் சடங்குக்கு முந்தின நாள், அதில் வைக்க வேண்டிய, கருப்பு அரக்குப் பூசிய நினைவுப் பலகை வீட்டுக்கு வந்தது. அவளுடைய அக்கா தொமியே அதைத் துணியால் துடைத்துவிட்டுப் பின்பக்கம் திருப்பினாள். பொன்னெழுத்தில் அறுபத்தொன்று என்றிருந்தது.

"தம்பி, எனக்கு அம்பத்தெட்டு. என் தங்கச்சி எனக்கு எப்ப அக்கா ஆனா?"

கடைக்காரர் தப்பாகச் செதுக்கிவிட்டார் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது.

"நான்தான் சொன்னேன் அக்கா. அது அட்டை வயசு."

மிசாவோ என்ன வேலை பார்த்தாள் என்பது தொமியேவுக்குத் தெரியும். அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. பலகையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஊரை ஏமாத்த எழுதினது. நீங்களே நம்பிட்டீங்களா?"



மறுநாள் அந்தப் பலகையை வைத்துத்தான் சடங்கு நடந்தது. வயது பின்பக்கம் இருந்ததால் வேறு யாரும் பார்க்கவில்லை. முடிந்ததும் கடைக்குப் போய்ப் புதிதாக ஒன்று செய்யச் சொன்னேன். சீட்டில் என் கையாலேயே ஐம்பத்து நான்கு என்று எழுதினேன்.

அடுத்த வாரம் நகுமோ அவளுடைய படங்களைத் தொகுத்து ஒரு நினைவு வெளியீடு கொண்டுவர வேண்டும் என்றார். அட்டை வாசகத்தை அன்று மாலையே அனுப்பினேன். உடனே தொலைபேசி வந்தது.

"என்ன கூசே, அம்பத்து நாலுன்னு எழுதியிருக்க? அப்ப முதல் படத்துல நாப்பத்து நாலுல்ல ஆகுது? பத்து வருஷமா அம்பது அலமாரியில வெச்சிருக்கோம்."

"ஆமா சார்."

"இப்ப எங்க வெக்கிறது?"

"நாப்பதுல வைங்க."

"முந்நூறு பேரு நிக்கிறாங்கப்பா அங்க. இவளை யாரு பாப்பாங்க?"

"நிக்கட்டும் சார்," என்றேன். "அவளும் அங்க நிக்கட்டும்."